ரோமானியர் என்ன விளைவித்தார்கள், என்ன சாப்பிட்டார்கள்? கரிந்த விதைகளும் கழிவுக் குழிகளும் தரும் சாட்சி

ரோமானியர்களின் சாப்பாட்டையும் விவசாயத்தையும் பற்றி எழுதி வைத்தவர்கள் எல்லாரும் வசதியானவர்கள். அப்படியிருக்க, சாதாரண ஜனங்கள் என்ன விளைவித்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கரிந்த விதைகளை வைத்து எப்படிச் சொல்கிறார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கேள்வி.

நிறையவே நம்பலாம். சில விஷயங்களில் புத்தகத்தைவிட விதையைத்தான் நம்ப வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கையில் கிடைத்த விதை அந்த இடத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சாப்பிட்டு வந்ததா, சமைக்கும்போது அடுப்பில் விழுந்ததா, அடுப்பெரிக்கவே போட்டதா, சாமிக்குப் படைத்ததா, மாட்டுச் சாணத்தோடு வந்ததா? அந்த வழி தெரிந்துவிட்டால் ஒரு பிடி உமிகூட ஒரு ஊரின் விவசாயத்தைச் சொல்லிவிடும். கீழே நான் எழுதுவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

புத்தகங்களைக் குறை சொல்லவில்லை. கேட்டோ, வர்ரோ, கொலுமெல்லா மூவரும் விவசாயம் பற்றி எழுதியவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன, பயனும் உள்ளவை. ஆனால் அவர்கள் எழுதியது அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பெரிய பண்ணைக்காரர்களுக்காக, அதிலும் பெரும்பாலும் இத்தாலியை மனதில் வைத்து. ஸ்காட்லாந்துப் பக்கம் காவல் நின்ற சிப்பாய், எகிப்தியப் பாலைவனத்தில் கல் உடைத்த ஆள், இத்தாலியில் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் என்ற ஊரில் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்த குடும்பம் ஆகியோரின் தட்டில் என்ன இருந்தது என்பது அந்தப் புத்தகங்களில் இல்லை. இந்த மூன்று இடங்களுக்கும் போகலாம். அதற்கு முன், விதை எப்படி இத்தனை காலம் தாங்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

மண்ணில் விழுந்த விதை ஒன்று முளைக்கும், இல்லாவிட்டால் மக்கிப் போகும். 2000 வருஷம் தாங்க வேண்டுமானால் ஏதாவது விசேஷமாக நடந்திருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது நெருப்பு. சாம்பலுக்கு அடியில், காற்று அதிகம் புகாத இடத்தில் மாட்டிக்கொண்ட தானியம் எரிந்து சாம்பலாகாமல் கரியாக மாறும். கரியைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்பதில்லை, அதனால் உருவம் அப்படியே நிற்கும். கிணறு, அகழி போன்ற இடங்களில் எப்போதும் தண்ணீர் ஊறிக் காற்றே புகாமல் கிடந்த மண்ணில் பழ விதைகளும் இலைத் துணுக்குகளும்கூடப் பிழைக்கும். கழிவறைக் குழிகளில் வேறொன்று நடக்கிறது. மலத்திலும் எலும்பிலும் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் விதைக்குள் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கல்லாக்கிவிடும். எகிப்து போன்ற வறண்ட தேசத்தில் இது எதுவுமே தேவையில்லை. வெங்காயத் தோல்கூடக் காய்ந்து அப்படியே கிடக்கும்.

இதில் ஒரு சிக்கல் உடனே தெரியும். தானியம் நெருப்புக்குப் பக்கத்தில் போகிற பொருள். வறுக்கிறார்கள், உலர்த்துகிறார்கள், அதன் உமியை எரிக்கிறார்கள். கீரையும் வெள்ளரிக்காயும் அப்படிக் கரிவதில்லை. கரிந்த விதைகளை மட்டும் பார்த்தால் ரோமானியர் தானியத்தைத் தவிர எதையும் தொடவில்லை என்றே தோன்றும். ரொட்டி, ஒயின், ஆலிவ் எண்ணெய் மூன்றும்தான் ஏழைகளின் சாப்பாடு என்று ரொம்ப காலம் சொல்லி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கழிவுக் குழிகளைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் படம் மாறியது.

வேலை நடக்கும் முறை எளிமையானது. தோண்டிய மண்ணை வாளி வாளியாகத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கலக்குவார்கள். கரி லேசானது, மேலே மிதந்து வரும். அதை அரை மில்லிமீட்டர், அதைவிடவும் சின்ன கண்ணுள்ள சல்லடையில் வடித்து, மெதுவாக உலர்த்தி, மைக்ராஸ்கோப்பின் கீழே ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். பக்கத்தில் இன்றைய செடிகளின் விதைகளைச் சேர்த்து வைத்த பெட்டிகள் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை.

சரி, கோதுமைக்கு வருவோம். ரோமானியப் பேரரசு முழுக்க ஒரே கோதுமை விளையவில்லை. எம்மர், ஸ்பெல்ட் இரண்டும் உமி ஒட்டிய ரகங்கள். நம்மூரில் சம்பா கோதுமை என்று சொல்வது இந்த எம்மர் இனம்தான். கதிரைப் போரடித்தால் மணி தனியாக உதிராது. உமி மூடிய சின்னச் சின்னத் துண்டுகளாக உடையும், அவற்றை மறுபடி இடித்துப் புடைத்தால்தான் மணி வெளியே வரும். ரொட்டிக் கோதுமையும் டூரம் கோதுமையும் அப்படியில்லை, களத்திலேயே உமி கழன்றுவிடும். ரோமானிய ஆட்சிக்கால பிரிட்டனில் பிரதானம் ஸ்பெல்ட். எகிப்தில் பாரோக்களின் காலம் முழுக்க எம்மர் விளைந்தது. அலெக்சாண்டருக்குப் பின் வந்த கிரேக்க அரசர்களின் காலத்தில் டூரம் அதன் இடத்தைப் பிடித்தது. ரோம் நகரத்துக்குக் கப்பல் கப்பலாகத் தானியம் அனுப்பிய தேசம் எகிப்து. உமி இல்லாத தானியம் கப்பலில் இடத்தை வீணாக்காது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் முக்கியத்துவம் புரியும்.

இந்த உமி சமாசாரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் விவசாயத்தைப் பற்றிய பாதிச் செய்தி அதில்தான் இருக்கிறது. ஸ்பெல்ட்டின் உமி முழுவதும் கரிந்து தூளாகிவிடும், அதன் அடிப்பகுதி மட்டும் கெட்டி. ஒரு மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கமான அகலத்தில், கரிந்தும் உடையாமல் நிற்கும். ஸ்பெல்ட்டின் அடி அகலமாக, நரம்புகள் எடுப்பாகத் தெரியும். எம்மருடையது குறுகலாக, ஒரு விளிம்பு தூக்கலாக இருக்கும். ஒரு துண்டில் வழக்கமாக இரண்டு மணி, இரண்டு உமியடி. ஆகவே ஒரு குழியில் மணியும் உமியடியும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் கரிந்து கிடந்தால், உமியோடு சேமித்து வைத்த தானியம் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். உமியடி மட்டும் மலை போலக் கிடந்து மணி சொற்பமாக இருந்தால், அங்கே இடித்துப் புடைத்து, உமியை அடுப்பில் போட்டிருக்கிறார்கள். மணி மட்டும் சுத்தமாக இருந்தால் வேறெங்கோ சுத்தம் செய்து மூட்டையில் வந்த தானியம். விளைவித்த இடம் எது, வாங்கிச் சாப்பிட்ட இடம் எது என்று இப்படித்தான் ஊகிக்கிறார்கள்.

இந்தக் கணக்கு நூலகத்தில் உட்கார்ந்து போட்டதில்லை. கார்டன் ஹில்மன் துருக்கி கிராமங்களிலும் க்ளினிஸ் ஜோன்ஸ் கிரேக்கத்தின் அமோர்கோஸ் தீவிலும் விவசாயிகளோடு இருந்து, கதிரறுப்பு, போரடிப்பு, தூற்றல், சல்லடை என்று ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கழிகிறது, எந்தக் களைவிதை எதோடு சேர்ந்து போகிறது என்று எடுத்து ஆராய்ந்தார்கள். களத்தில் நின்று தூற்றியவருக்கு இது புதிதில்லை. லேசான பதரும் தூசும் முதலில் பறந்துவிடும், மணியளவே உள்ள களைவிதை கடைசி வரை கூடவே வந்து கையால் பொறுக்கும்போதுதான் பிரியும். ஆய்வாளர்கள் அதை அளவு வைத்துப் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அதுதான் இந்தத் துறையையே நிமிர்த்தியது.

வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் ஹெர்குலேனியத்தோடு சேர்த்து மூடிய இத்தாலிய நகரம் பாம்பே (Pompeii). அங்கே 30க்கும் மேற்பட்ட ரொட்டிக்கடைகள் தெரியவந்திருக்கின்றன. அதில் ஒரு கடையின் அடுப்பில் வைத்தது வைத்தபடி கரிந்த 81 ரொட்டிகள் 1862இல் கிடைத்தன. வட்ட ரொட்டி, பிட்டுச் சாப்பிட வசதியாக மேலே கீறல் போட்டது. பார்க்கிறவர் மனதில் பதிவது இந்த ரொட்டிதான். ரோம் நகரில் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000 பேருக்கு மாதம் 5 மோடியஸ், அதாவது கிட்டத்தட்ட 33 கிலோ, கோதுமை அரசாங்கமே கொடுத்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ‘ரோமானியர் என்றால் கோதுமை’ என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் பாம்பே மண்ணைச் சலித்தபோது தினையும் பனிவரகும் கிடைத்திருக்கின்றன. சிறுதானியத்தை ஏழைகளும் கால்நடையும் சாப்பிடுவது என்று எழுத்தாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். மண் அப்படி ஒதுக்கவில்லை. சீக்கிரம் விளையும், கோதுமை பொய்த்தால் கைகொடுக்கும் என்ற கணக்கு விவசாயிக்கு எந்த நாட்டிலும் தெரியும்.

இனி ஹெர்குலேனியம். இந்த விஷயத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் படிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கார்தோ ஐந்து என்று இன்று அழைக்கப்படும் தெருவில், கீழே கடைகளும் மேலே மாடி வீடுகளுமாக ஒரு நீளமான கட்டடம். அதற்கு அடியில் சுமார் 86 மீட்டர் நீளத்துக்குக் கழிவுக் கால்வாய். கால்வாய் என்று சொன்னாலும் வெளியேறும் வழி இல்லாததால் அது ஒரு பெரிய செப்டிக் டேங்க் மாதிரியே இருந்தது. மேலே இருந்த கழிவறைகளும் சமையலறைத் துவாரங்களும் நேராக அதில் இறங்கின. மார்க் ராபின்சனும் எரிக்கா ரோவனும் ஆராய்ந்த அந்தக் கழிவு 750 பைகளுக்கு வந்தது. மனிதக் கழிவும் சமையலறைக் குப்பையும் இப்படிச் சேர்ந்து கிடைத்தது அபூர்வம்.

அதில் என்ன இருந்தது? அத்தியும் திராட்சையும் ஆலிவும் எங்கும். ஆப்பிள், பேரி, கொத்தமல்லி, சதகுப்பை, கசகசா. கூடவே மீன் முட்கள், கடல் முள்ளெலிகளின் முட்கள், சிப்பி ஓடுகள், முட்டை ஓடு. மீன் வகை மட்டும் டஜன் கணக்கில். அந்த மாடிகளில் செனட்டர் யாரும் குடியிருக்கவில்லை. கடைக்காரர்கள், கைவினைஞர்கள், அவர்களுடைய குடும்பங்கள். சின்னக் கடலோர ஊரில் நடுத்தரத்துக்கும் கீழே வாழ்ந்தவர்கள் இத்தனை வகையைச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. ஏழை ரோமானியர் காய்ந்த ரொட்டியைத் தின்று காலம் தள்ளினார் என்ற பழைய படம் குறைந்தபட்சம் இந்தத் தெருவுக்குப் பொருந்தவில்லை. எல்லா ஊரும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. இது கடலும் எரிமலை மண்ணும் வாய்த்த செழிப்பான பகுதி.

அதே ஊர்களில் கிடைத்த எல்லா விதையும் சாப்பாட்டு மிச்சம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாம்பே வீட்டுத் தோட்டங்களில் சின்னச் சின்னக் குழிகளில் அத்தி, கொட்டைகள், பேரீச்சை எல்லாம் கரிந்து கிடக்கின்றன. வீட்டுத் தெய்வத்துக்கு எரித்துப் படைத்தவை அவை. கரிந்த ஆலிவ் கொட்டைத் துண்டுகள் மத்தியதரைக் கடல் பகுதி முழுக்கக் குவியலாகக் கிடைக்கும். ‘ஆலிவ் நிறையச் சாப்பிட்டார்கள்’ என்று எழுதிவிடத் தோன்றும், ஆனால் பல இடங்களில் அது எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சிய சக்கை. நன்றாகச் சூடு தரும், புகை குறைவு, அதனால் அடுப்புக்கும் சூளைக்கும் அதை எரிபொருளாக வாங்கியிருக்கிறார்கள். அங்கே கொட்டை சொல்வது உணவைப் பற்றி இல்லை, பக்கத்தில் செக்கு ஓடியதைப் பற்றி. விதை வந்த வழியைக் கேட்க வேண்டும் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

அடுத்து ஸ்காட்லாந்து. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் பேர்ஸ்டென் என்ற இடத்தில் ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான அன்டோனைன் சுவரை ஒட்டி ஒரு சின்னக் கோட்டை. கி.பி. 142 வாக்கில் கட்டினார்கள், இருபது வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை. கழிவறையின் கழிவு போய் விழுந்த அகழி நீர் ஊறிக் கிடந்ததால் உள்ளே இருந்தது அழியவில்லை. கமிலா டிக்சனும் உடன் உழைத்தவர்களும் அதை ஆராய்ந்தபோது கிடைத்ததில் பெரும்பங்கு கோதுமைத் தவிடு. மாவோடு அரைபட்டு, வயிற்றைக் கடந்து வந்த தோல் துணுக்குகள். கூடவே அத்தி விதை, கொத்தமல்லி, சதகுப்பை, கசகசா, காட்டில் பறித்த ராஸ்பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி. அத்தியும் கொத்தமல்லியும் அங்கே தானாக முளைக்கிற செடிகள் இல்லை. பேரரசின் கடைசி விளிம்பில் குளிரில் நின்ற காவலாளிக்கு மத்தியதரைக் கடல் அத்திப்பழம் போய்ச் சேர்ந்திருக்கிறது! குடல் புழுக்களின் முட்டைகளும் அந்தச் சேற்றில் இருந்தன. அதுதான் அது மனிதக் கழிவு என்பதற்கு உறுதியான சாட்சி.

அந்தக் கழிவை வேதியியல் முறையில் சோதித்தபோது கொலஸ்ட்ரால் மிகக் குறைவாகவே தெரிந்தது. சாப்பாட்டின் பெரும்பகுதி தாவரம் என்று முடிவு செய்தார்கள். அதற்காக ரோமானியச் சிப்பாய் சைவம் என்று செய்தித் தலைப்பு போடுவது தப்பு. மற்றக் கோட்டைகளில் மாட்டு எலும்பும் பன்றி எலும்பும் குவிந்து கிடக்கின்றன. பேர்ஸ்டெனின் அமில மண்ணில் எலும்பே சரியாகத் தாங்காது. தினப்படிப் பசியை ஆற்றியது ரொட்டியும் கஞ்சியும் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சிப்பாய்க்குக் கிடைத்த கோதுமை எவ்வளவு சுத்தம்? பிரிட்டனின் ரோமானிய காலக் கழிவுகளில் ‘கார்ன்காக்கிள்’ என்ற களையின் விதைத்தோல் தவிட்டோடு சேர்ந்து வருகிறது. மணியளவே பருமன் உள்ள விதை, சல்லடையில் பிரியாது, அதில் நச்சுத்தன்மையும் உண்டு. அதோடு சேர்த்துத்தான் மாவரைத்திருக்கிறார்கள். அதைவிட மோசம் யார்க் நகரத்தில் நடந்தது. கோனி ஸ்ட்ரீட் என்ற தெருவில், ஆற்றோரமாக ரோமானியர் கட்டிய மரக் கிடங்கு ஒன்று. அதன் அடிமண்ணில் தானிய வண்டுகளின் உடல்கள் தவிர வேறொன்றும் அதிகமில்லை என்கிற அளவுக்கு ஒரு அடுக்கு. கிடங்கைப் பிரித்துப் போட்டு, அந்த அடுக்கின் மேல் களிமண்ணைக் கொட்டி மூடி, மேலே புதுக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். தானியக் கூன்வண்டு பறக்காத வண்டு. தானாகக் கடல் தாண்டி வந்திருக்க முடியாது. கி.பி. 43இல் ரோமானியர் படையெடுத்த பிறகுதான் அது பிரிட்டனில் தலைகாட்டுகிறது. மூட்டை மூட்டையாகத் தானியத்தை நகர்த்தி, ஒரே இடத்தில் மாதக் கணக்கில் குவித்து வைத்த நிர்வாகம்தான் அதற்கு வழி செய்து கொடுத்தது. தானியக் கணக்கு எழுதிய அதிகாரியின் ஓலை கிடைத்திருந்தால் அதில் இந்த நஷ்டம் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

விவசாயத்தைப் பற்றி அதிகம் சொல்வது பயிர் இல்லை, களை. அறுவடையோடு வந்த களைவிதைகள் அந்த வயலின் ஜாதகத்தையே சொல்லிவிடும். ஒட்டிக்கொண்டு படரும் ‘க்ளீவர்ஸ்’ நிறைய இருந்தால் குளிர் தொடங்குமுன் விதைத்த வயல். தரையோடு கிடக்கும் களைகள் இருந்தால் தாளை அடியோடு அறுத்திருக்கிறார்கள், உயரமான களை மட்டும் இருந்தால் கதிரை மட்டும் கொய்திருக்கிறார்கள். ரோமானியக் காலத்தில் தெற்கு இங்கிலாந்தில் ஒரு வாடையடிக்கிற சாமந்தி இனக் களை பெருகுகிறது. அது இறுகிய களிமண்ணில் செழிப்பது. அதுவரை கலப்பைக்கு மசியாத கனமான நிலங்களை உழ ஆரம்பித்துவிட்டார்கள் என்று அதை வைத்துச் சொல்கிறார்கள். மண்ணைக் கிழிக்கும் இரும்புக் கத்தி பொருத்திய கலப்பைகளும் அதே காலத்தில் கிடைப்பது இதோடு ஒத்துப்போகிறது.

இன்னொன்று, காட்டுப் பயறு இனங்களும் அவற்றின் கூட்டாளிகளும் தானியத்தோடு பெருகுவது. இவை நைட்ரஜன் குறைந்த மண்ணில் மற்றச் செடிகளை மிஞ்சுபவை, அதாவது எரு போதாத வயலின் அடையாளம். எரு போட்ட வயலில் விளைந்த தானியத்தில் நைட்ரஜன்-15 என்ற ஐசோடோப்பின் (நைட்ரஜனிலேயே சற்றுக் கனமான அணு வகை) விகிதம் கூடும், அதைக் கரிந்த மணியிலேயே அளக்கலாம். மறைந்த லிசா லாட்விக்கும் மற்றவர்களும் இந்த வழியில் செய்த ஆய்வுகள் ஒரே பக்கம் காட்டுகின்றன. பிரிட்டனில் விளைச்சல் பெருகியது ஏக்கருக்கு மகசூல் கூடியதால் இல்லை, அதிக நிலத்தை உழுது, ஒவ்வொரு வயலுக்கும் குறைவான எருவும் ஆளும் போட்டதால். வரியும் படையும் நகரமும் தானியம் கேட்டன. கையில் இருந்த மாடும் எருவும் அதே அளவுதான். நிலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். கொலுமெல்லா எரு போடுவது பற்றி விலாவாரியாக எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இதைப் பார்த்தால் புத்தகத்துக்கும் வயலுக்கும் உள்ள தூரம் தெரியும். இத்தாலியிலேயே டஸ்கனியின் சிறு விவசாயிகளை ஆராய்ந்த குழு, அவர்கள் தானியத்தையும் மேய்ச்சலையும் மாற்றி மாற்றிச் செய்து நிலத்தைக் காப்பாற்றினார்கள் என்று காட்டியது. ஆக, ‘ரோமானிய விவசாயம்’ என்று ஒன்று இல்லை, ஊருக்கு ஊர் வேறு.

பீர் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் பல ரோமானியப் பண்ணைகளில் கிடைத்த ஸ்பெல்ட் மணிகள் முளைவிட்ட பிறகு கரிந்தவை. மழையில் நனைந்து தானாக முளைத்த தானியத்தில் முளை ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக இருக்கும். இவற்றில் எல்லா முளையும் ஏறக்குறைய ஒரே நீளம். வேண்டுமென்றே ஊறவைத்து, முளைகட்டி, சரியான நேரத்தில் சூட்டில் உலர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். மால்ட் தயாரிப்பு அது. வட இங்கிலாந்தின் ரோமானிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்கு அருகே விண்டோலாண்டாவில் கிடைத்த மரப்பலகைக் கடிதங்களில் ‘ஆட்களிடம் பீர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள்’ என்று ஒரு படைப்பிரிவின் அதிகாரி கேட்கிறார். எழுத்தும் விதையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் அருமையான இடம்.

பிரிட்டனுக்கு ரோமானியக் காலத்தில் புதிதாக வந்த உணவுத் தாவரங்கள் சுமார் 50 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செர்ரி, வால்நட், மல்பெரி, பீச், கொத்தமல்லி, சதகுப்பை எல்லாம் அதில் சேர்த்தி. சில அங்கேயே வேரூன்றின. ஆலிவ், பேரீச்சை, மிளகு போன்றவை கடைசி வரை இறக்குமதிதான். எல்லாமே படையோடு வந்தது என்றும் இல்லை. சில்செஸ்டர் என்ற இடத்தில் படையெடுப்புக்கு முந்தைய கிணற்று மண்ணிலேயே ஆலிவ் கொட்டையும் கொத்தமல்லியும் செலரியும் கிடைத்தன. உள்ளூர்த் தலைவர்கள் வியாபாரிகள் மூலம் ருசி பார்த்துவிட்டார்கள். ரோமானிய ஆட்சி விலகிய பிறகு இந்தப் புதுப் பொருள்களில் பல காணாமல் போய், மத்திய காலத்தில்தான் திரும்பி வருகின்றன.

எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் மோன்ஸ் கிளாடியானஸ் என்று ஒரு கல்குவாரி. ரோம் நகரின் பாந்தியன் கோயில் முகப்புத் தூண்களில் சில அங்கே வெட்டியவை. நைல் நதி 100 கிலோமீட்டருக்கும் அப்பால். கைதிகளையும் அடிமைகளையும் பட்டினி போட்டு வேலை வாங்கிய நரகம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். மரீக்கே வான் டெர் வீன் அங்கே ஆராய்ந்த குப்பை மேடுகளில் கோதுமை, பார்லி, பருப்போடு நிற்கவில்லை. வெங்காயம், பூண்டு, வெள்ளரி, தர்ப்பூசணி, மாதுளை, வால்நட், பாதாம், ஆர்ட்டிசோக், மிளகுகூட இருந்தது. கீரை வகைகளின் மிச்சமும் இருந்தது. தண்ணீர் அளந்து கொடுக்கிற இடத்தில் சின்னத் தோட்டம் போட்டுக் கீரை வளர்த்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்கிறார். அங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான ஓட்டுச்சில்லு எழுத்துகளும் கூலி வாங்கிய, கடிதம் எழுதிய, காய்கறி கேட்டனுப்பிய மனிதர்களைக் காட்டுகின்றன.

மிளகு என்றதும் நம் பக்கத்துச் சம்பந்தம் வந்துவிடுகிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகம் பெரனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய பானை ஒன்றில் சுமார் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. ரெனே காப்பர்ஸ் அந்தத் துறைமுகத்தின் குப்பையில் அடையாளம் கண்டவற்றில் அரிசி, பச்சைப்பயறு, தேங்காய், நெல்லிக்காய், குன்றிமணி எல்லாம் உண்டு. மிளகு ரோமானியச் சந்தைக்குப் போன சரக்கு. பச்சைப்பயறும் நெல்லிக்காயும் அப்படி இல்லை. ரோமானியப் பேரரசின் உட்பகுதியில் அவை பரவிய அடையாளம் கிடையாது. கப்பலில் வந்து காற்று திரும்பும் வரை தங்கியிருந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு என்பதுதான் பொருத்தமான விளக்கம். தமிழ் பிராமி எழுத்தில் ‘கொற்றபூமான்’ என்ற பெயர் பொறித்த பானை ஓடும் அதே பெரனிகேயில் கிடைத்திருப்பது இதற்கு வலு சேர்க்கிறது.

அந்த மிளகு எங்கே வரை போனது தெரியுமா? ஜெர்மனியில் ஓபராடென் என்ற இடத்தில் கி.மு. 11 முதல் சில வருஷங்களே இருந்த படை முகாமின் கழிவறை மண்ணில் மிளகு இருந்தது. ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி கொடுக்கும் விலை, ஒரு ரோமானியப் பவுண்டு கறுப்பு மிளகுக்கு 4 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு). அந்தக் காலத்துச் சாதாரணச் சிப்பாயின் வருஷச் சம்பளம் 225 தெனாரியஸ். கணக்குப் போட்டால் சுமார் 330 கிராம் மிளகுக்கு ஆறேழு நாள் சம்பளம். கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம், அள்ளிப் போட முடியாது. மிளகை ராஜபோகப் பொருளாக மட்டும் நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

திராட்சையில் வேலை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. பாம்பேயின் அரங்கத்துக்குப் பக்கத்தில் வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி மண்ணில் இருந்த வேர்ப் பொந்துகளைப் பொறுமையாகக் காலி செய்து, 2000க்கும் மேற்பட்ட கொடிகள் இருந்த முழுத் திராட்சைத் தோட்டத்தையே கண்டுபிடித்தார். ஊருக்கு உள்ளேயே, மதிலுக்குள்! விதையே இல்லாமல் வேர் விட்டுப்போன வெற்றிடத்தை வைத்துச் செய்த ஆய்வு அது. 2019இல் பிரான்சில் கிடைத்த பழைய திராட்சை விதைகளின் மரபணுவைப் படித்தார்கள். ரோமானியக் காலத்து விதைகள் இன்றைய ஒயின் ரகங்களுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அதே ஆய்வில் சுமார் 900 வருஷம் பழைய ஒரு விதை இன்றைய சவான்யா ப்ளான் ரகத்தோடு அச்சு அசலாகப் பொருந்தியது. ஒரே கொடியைக் கிளை வெட்டி நட்டு நட்டே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

எதில் எச்சரிக்கை வேண்டும் என்று கேட்டால், எண்ணிக்கையில். ஒரு அத்திப்பழத்தில் நூற்றுக்கணக்கான விதை, ஒரு பீச்சில் ஒரே கொட்டை. ‘அத்தி விதை 5000, பீச் கொட்டை 3’ என்று எங்காவது படித்தால் அதை நேரடியாக ஒப்பிடக் கூடாது. எத்தனை மண் மாதிரிகளில் அந்தச் செடி தலைகாட்டுகிறது என்று பார்ப்பதே நியாயமான கணக்கு. கிழங்கு, கீரை, காளான் போன்றவை எப்போதும் குறைவாகவே தெரியும். ஒயினும் எண்ணெயும் தாங்களாக விதையை விட்டுப்போவதில்லை, ஆலையின் சக்கைதான் பேசும். அப்புறம், ஹெர்குலேனியத்தில் 1738லும் பாம்பேயில் 1748லும் தோண்ட ஆரம்பித்தவர்கள் தேடியது சிலையும் ஓவியமும். கண்ணுக்குத் தெரிந்த ரொட்டியையும் பழத்தையும் எடுத்து வைத்தார்கள், மண்ணைக் கொட்டிவிட்டார்கள். பாம்பேயில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. ஹெர்குலேனியத்தின் பெரும்பகுதி எர்கொலானோ என்ற இன்றைய ஊரின் வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. இனி அங்கே எந்த மூலையைத் திறந்தாலும் முதலில் சல்லடைக்குப் போவது மண்தான்.